வாழைநார்க் கூழில் வொயிட்னர் ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது?

திருவட்டாறு வாழைநார்

எல்லாருக்கும் வணக்கம். திருவட்டாறு பக்கம் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து கையால் காகிதம் செய்கிறோம். குலை வெட்டிய வாழை மட்டையிலிருந்து நார், கூடவே நாகர்கோவில் பிரஸ்களில் இருந்து வரும் கட்டிங் பேப்பர், இரண்டையும் கலந்துதான் கூழ். டைரி அட்டை, கல்யாணப் பத்திரிகை உறை என்று ஓரளவு போகிறது. ஆனால் பத்திரிகை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் "இன்னும் கொஞ்சம் வெள்ளையா கிடைக்காதா" என்று கேட்பதால், சாயக்கடையில் பருத்தித் துணிக்குப் போடும் திரவ வொயிட்னர் வாங்கிப் போட்டுப் பார்த்தோம்.

எங்கள் முறை இதுதான். நாரை காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அலசி, ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைப்போம். பிறகு அரைத்து, மை ஊறாமல் இருக்க ரோசின் சோப்பும் ஆலமும் (படிகாரம் மாதிரி அலுமினிய உப்பு) போட்டு, கடைசியாகத் தொட்டியில் வொயிட்னர். தாளாக எடுத்துக் காயவைத்தால் பழைய இளமஞ்சள் அப்படியே இருக்கிறது. அளவைக் கூட்டினால் வெள்ளை வருவதற்குப் பதில் ஒரு மாதிரி பச்சை ஓடுகிறது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அடித்துப் பார்த்தால் தாளில் அங்கங்கே சில நார்கள் மட்டும் பளீரென்று நீலமாக மின்னுகின்றன, மற்ற இடமெல்லாம் இருட்டு. வடிந்த தண்ணீரும் மின்னுகிறது!

இந்த மருந்து நாரில் எப்படித்தான் ஒட்டுகிறது? ஒட்டவே ஒட்டாதா, அல்லது வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா? இன்னொன்று, அதே தாள் முற்றத்து வெயிலில் கொஞ்சம் வெள்ளையாகவும் கடை எல்இடி வெளிச்சத்தில் மஞ்சளாகவும் தெரிகிறது. அது ஏன்?

கூழ்த்தொட்டி

அக்கா, நமக்கு சொந்த ஊர் மார்த்தாண்டம்தான், வேலை கரூர்ப் பக்கம் ஒரு பேப்பர் மில்லில், வெட் எண்ட் கெமிக்கல், அதாவது தாளாகும் முன் கூழில் சேர்க்கும் மருந்துகளைப் பார்க்கிறேன். நீங்கள் ஊதா விளக்கு அடித்துப் பார்த்ததே பாதி வேலை.

முதலில் மின்னும் அந்த நார்களைப் பற்றி. அவை பெரும்பாலும் உங்கள் வாழைநாராக இருக்காது, பிரஸ் கட்டிங்கிலிருந்து வந்தவை. மேப்லித்தோ என்கிற அச்சுத் தாள், நகல் எடுக்கும் தாள் எல்லாவற்றிலும் மில்லிலேயே வொயிட்னர் ஏற்றித்தான் அனுப்புகிறோம். அதாவது நீங்கள் ஊற்றிய மருந்தில் பெரும்பகுதி வாழைநாரில் ஏறவில்லை, அதனால்தான் வடிநீர் மின்னுகிறது.

இப்போது எப்படி ஒட்டுகிறது என்பது. காகிதத்துக்குப் போடும் வொயிட்னர் ஏறக்குறைய எல்லாமே ஸ்டில்பீன் வகை. நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு, அதன் இரு பக்கமும் பென்சீன் வளையம், அதற்கு அப்பால் இரு முனையிலும் ட்ரையசீன் வளையம் என்று நீளமான, தட்டையான மூலக்கூறு. நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் சங்கிலியும் தட்டையான நாடாதான். ஒன்றின் மேல் ஒன்று நீளவாக்கில் படுத்துக்கொள்கிறது. மூலக்கூறில் உள்ள நைட்ரஜன் ஹைட்ரஜன் முனைகளும் செல்லுலோஸின் ஹைட்ராக்சில்களும் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும், தட்டையான பரப்புகள் நெருங்கி இருப்பதால் வான் டெர் வால்ஸ் இழுப்பும் சேரும். அவ்வளவுதான். ரியாக்டிவ் சாயம் மாதிரி நிரந்தரமான வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு இழுப்பும் தனியாகப் பார்த்தால் பலவீனம்தான், ஆனால் நீளம் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பதால் மொத்தத்தில் நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. பருத்திக்குப் போடும் டைரக்ட் சாயமும் இதே வழியில்தான் நிற்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்து தண்ணீரில் கரைய வேண்டும் என்பதற்காக அதில் சல்போனேட் தொகுதிகளை வைத்திருப்பார்கள், அவை எதிர்மின்சுமை. தண்ணீரில் கிடக்கும் நாரின் மேலும் எதிர்மின்சுமைதான். ஆகவே கிட்டே வரும்போது ஒன்றை ஒன்று தள்ளும். சல்போனேட் இரண்டு உள்ள வகை நாரில் நன்றாக ஏறும், ஆனால் கரைதிறன் குறைவு. நான்கு உள்ளது நடுத்தரம், மில்களில் அதிகம் ஓடுவது அதுதான். ஆறு உள்ளது தண்ணீரில் பிரமாதமாகக் கரையும், நாரைச் சட்டை செய்யாது. அதைத் தாளின் மேல் பூசும் கோட்டிங்குக்குத்தான் வைத்திருக்கிறார்கள். சாயம் போடுகிறவர்கள் தொட்டியில் உப்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தத் தள்ளலை மட்டுப்படுத்தத்தான். கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் கொஞ்சம் அந்த வேலையைச் செய்யும். ரொம்பக் கடினமான தண்ணீர் என்றால் இரண்டு சல்போனேட் வகை திரிந்து அடியில் படிந்துவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

உங்கள் செய்முறையில் எனக்கு இடிப்பது மூன்று இடங்கள். பெரியது, ஆலத்துக்குப் பிறகு வொயிட்னர் போடுவது. அலுமினியம் நேர்மின்சுமை உள்ளது. வொயிட்னர் தொட்டிக்குள் வந்ததும் நாரைத் தேடிப் போவதற்கு முன்பே அதனோடு கட்டிக்கொண்டுவிடும். கட்டிக்கொண்டது நாரில் படியாது, படிந்தாலும் ஒழுங்காக ஒளிராது. ஆலம் தண்ணீரைப் புளிப்பாகவும் ஆக்கும். பிஎச் 5க்குக் கீழே போனால் இந்த மருந்துகளின் திறன் விழும். மில்லில் கேட்டயானிக் ஸ்டார்ச், ஈரத்திலும் கிழியாமல் இருக்கப் போடும் ரெசின், இப்படி நேர்மின்சுமை உள்ள எதுவாக இருந்தாலும் வொயிட்னர் போட்ட பிறகுதான். நார் கெட்டியாக இருக்கும்போதே வொயிட்னரைப் போட்டுக் கலக்கி, ஒரு பத்து இருபது நிமிடம் விட்டு, பிறகு மற்றதெல்லாம். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஏறும்.

இரண்டாவது ப்ளீச்சிங் பவுடர். அலசியது போதாமல் குளோரின் மிச்சம் இருந்தால் அது மருந்தின் நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பையே தின்றுவிடும். பிறகு எவ்வளவு ஊற்றியும் பிரயோஜனம் இல்லை. இன்னொரு விஷயம், பவுடர் மிச்சத்தோடு ஆலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய கொட்டகையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம் அக்கா.

மூன்றாவது லிக்னின், நாரைச் செடியில் இறுகப் பிடித்திருக்கும் பசை மாதிரிப் பொருள், அதை வேறு யாராவது சொல்லட்டும், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஆய்வக வாத்தியார்

லிக்னினை நான் எடுத்துக்கொள்கிறேன், கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன்.

இந்த மருந்து அழுக்கையோ மஞ்சளையோ நீக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை, சுமார் 340 முதல் 370 நானோமீட்டர் வரை உள்ளதை, உறிஞ்சி 440 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியாகத் திருப்பி விடுகிறது. மஞ்சளாகத் தெரியும் தாளில் நீலம்தான் குறைவு, அந்தக் குறையை இது நிரப்புகிறது. சொட்டு நீலம் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்: சொட்டு நீலம் மஞ்சளை அமுக்கி மொத்த வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்துவிடும், இது வெளிச்சத்தைக் கூட்டும். நல்ல நகல் தாளின் வெண்மை எண் 100ஐத் தாண்டி 150ஐ ஒட்டி நிற்பது இதனால்தான்.

கடை விளக்குக் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வெயிலில் புற ஊதா தாராளம். சாதாரண எல்இடி பல்பில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தீனி இல்லாத இடத்தில் மருந்து சும்மா கிடக்கிறது.

இப்போது லிக்னின். அதுவும் புற ஊதாவை நன்றாக உறிஞ்சும், ஆனால் திருப்பி வெளிச்சமாகத் தராது. நாரில் லிக்னின் மிச்சம் இருந்தால் மருந்துக்கு வர வேண்டிய ஊதாவை அது முந்திக்கொள்ளும். போதாததற்கு, மருந்துக்குச் செல்லுலோஸோடு இருக்கும் பொருத்தம் லிக்னினோடு கிடையாது. செல்லுலோஸை லிக்னின் மூடியிருந்தால் படுக்க இடமும் இல்லை. செய்தித்தாள் காகிதத்தில் வொயிட்னர் போட்டுப் பெரிய பலன் இல்லாததற்கு இதுதான் காரணம். தென்னைநாரில் லிக்னின் நாற்பது சதவீதத்தைத் தாண்டும், அதை வெள்ளையாக்குகிறேன் என்று யாரும் காசைக் கரைக்க வேண்டாம். வாழைநாரில் அதைவிட எவ்வளவோ குறைவு, ஆகவே நம்பிக்கை உண்டு, ஆனால் வேகவைப்பதும் வெளுப்பதும் சரியாக இருக்க வேண்டும்.

ப்ளீச்சிங் பவுடரை விட்டு ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறலாம். காரத்தில், நல்ல சூட்டில், 70 டிகிரியை ஒட்டி வைத்தால் வேலை செய்யும். ஆனால் இரும்பு இருந்தால் பெராக்சைடு வெறும் நுரையாகப் போய்விடும். நம் மாவட்டத்துச் செம்மண் கிணறுகளில் இரும்பு உண்டு. வாழைக்கறையும் இரும்பும் சேர்ந்தால் கருப்படிக்கும் என்பது வெட்டுக்கத்தி பிடித்த எல்லாருக்கும் தெரிந்ததுதான்; இரும்புச் சட்டியில் வேகவைத்தால் அந்தக் கருப்பு நாரில் ஏறி, அதன் பிறகு எந்த வொயிட்னராலும் மீட்க முடியாது. எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள். பவுடர்தான் வசதி என்றால், வெளுத்து முடித்ததும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கொஞ்சம் கரைத்து ஊற்றி மிச்சக் குளோரினைக் கொல்லலாம். பழைய ஸ்டூடியோக்காரர்களும் மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் அதை நன்றாக அறிவார்கள். அதற்குப் பிறகும் அலச வேண்டும், ஹைப்போ மிச்சத்தில் ஆலம் பட்டால் கந்தகம் பிரிந்து நாறும்.

பச்சை ஓடுவது பற்றியும் ஒரு வரி. நாரின் பரப்பில் இடம் தீர்ந்த பிறகு வரும் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுக்கட்டாக உட்காரும். அந்தக் கட்டுகள் நீலத்தில் ஒளிராமல் தங்கள் ஒளியைத் தாங்களே விழுங்கும், சாயல் பச்சைக்குப் போகும். அந்தக் கட்டத்தைத் தாண்டி ஊற்றுவதெல்லாம் வீண்செலவு. உங்கள் நாரில் இடமே குறைவாக இருப்பதால் சீக்கிரமே அந்தக் கட்டம் வந்துவிட்டது.

கூடுதலாக ஒன்று, தேவைப்படாதவர்கள் தாண்டிப் போகலாம். இந்த யோசனையே மரத்திலிருந்து வந்ததுதான். 1929ல் பால் கிரைஸ் என்ற ஜெர்மானியர் ஹார்ஸ் செஸ்ட்நட் மரப்பட்டைச் சாற்றில் துணியை நனைத்து வெண்மை கூடுவதைக் காட்டினார். அதிலிருந்த எஸ்குலின் வெயிலில் நிற்கவில்லை. ஸ்டில்பீன் வகைகள் பிறகு வந்து அந்த இடத்தைப் பிடித்தன.

பிரஸ் வடசேரி

நாங்கள் கட்டிங் பேப்பர் போடுகிற கூட்டம், அதனால் ஒரு வார்த்தை. கட்டிங்கைத் தரம் பிரித்து வாங்குங்கள் அம்மா. மேப்லித்தோ தனி, ஆர்ட் பேப்பர் தனி, பழைய கிரீம்வோவ் (நோட்டுப் புத்தகத் தாள்) தனி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டால் ஒரு வாரம் வெள்ளை, மறுவாரம் பழுப்பு என்றுதான் வரும், மருந்தைக் குறை சொல்லிப் பலனில்லை. ஆர்ட் பேப்பரின் மேல் பூச்சில் களிமண்ணும் சுண்ணாம்பும் இருக்கும், அது கூழில் மாவாக வந்து பாதி தண்ணீரோடு போய்விடும்.

வெள்ளை கேட்கிற வாடிக்கையாளரைப் பற்றி எனக்கும் ஆதங்கம் உண்டு. நீல வெள்ளைத் தாளில் மாப்பிள்ளை பெண் போட்டோ அச்சடித்தால் முகம் வெளிறித்தான் வரும். இளமஞ்சள் தாளில் மஞ்சள், குங்குமக் கலர் எடுப்பாக இருக்கும். யார் கேட்கிறார்கள்!

மணவாளக்குறிச்சி

மருந்து எல்லாம் எதற்கு, டைட்டானியம் டை ஆக்சைடு போட்டால் வெள்ளை வராதா? எங்கள் ஊர் மணலிலேயே டைட்டானியம் உள்ள இல்மனைட் இருக்கிறது மக்கா, மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் அள்ளிக்கொண்டுதானே இருக்கிறது.

கூழ்த்தொட்டி

@மணவாளக்குறிச்சி வெள்ளை வரும், தாளின் மறுபக்கம் தெரியாமல் மூடவும் செய்யும். ஆனால் இல்மனைட் கருப்பு மணல், அதை ஆலையில் பல கட்டம் ஓட்டி எடுத்தால்தான் வெள்ளைப் பொடி, விலையும் அதற்கேற்றபடி. அதைவிட முக்கியமானது, அந்தப் பொடி புற ஊதாவை விழுங்கும். ரூட்டைல் வகை அதிகமாக, அனடேஸ் வகை கொஞ்சம் குறைவாக. ஆகவே டைட்டானியமும் வொயிட்னரும் ஒரே தாளில் போட்டால் ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும். வெள்ளைக்குப் பொடிதான் வேண்டும் என்றால் சுண்ணாம்புக்கல் பொடி போதும், அது ஊதாவைத் தொடாது. ஆனால் ஆலம் போடும் தொட்டியில் சுண்ணாம்பு கரைந்து நுரைக்கும், அதற்கு மை ஊறாமல் தடுக்கும் முறையையே மாற்ற வேண்டும். ஏகேடி என்று ஒரு பால் மாதிரி வருகிறது, பிஎச் 7, 8ல் வேலை செய்யும், ஆலம் வேண்டியதில்லை. வொயிட்னருக்கும் அந்தச் சூழல்தான் பிடிக்கும். அக்கா, முடிந்தால் அதற்கே மாறிவிடுங்கள்.

திருவட்டாறு வாழைநார்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மில்லில் வேலை என்றாலும் அக்கா என்று கூப்பிட்டதால் உங்களைத் தம்பி என்றே சொல்கிறேன்.

வாத்தியார் சொன்னபடி நாரை நன்றாக அலசி ஹைப்போ போட்டு, மறுபடி அலசி, கெட்டிக் கூழில் முதலில் வொயிட்னர், கடைசியில்தான் ரோசினும் ஆலமும் என்று வரிசையை மாற்றிச் செய்தோம். கட்டிங் பேப்பர் கலக்காமல் வெறும் வாழைநார் மட்டும். இப்போது விளக்கு அடித்தால் தாள் முழுக்க ஒரே சீராக மின்னுகிறது, வடிநீர் மின்னுவது குறைந்திருக்கிறது. வெயிலில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

இரண்டு சந்தேகம். கரைத்து வைத்த மருந்து மறுநாள் அவ்வளவாக வேலை செய்யவில்லை, திண்ணையில்தான் வைத்திருந்தோம். அடுத்தது, எங்களில் ஒருத்தி பலகாரக் கடைக்கு உறை செய்து தரலாம் என்கிறாள், அதற்கும் இதே கூழைப் பயன்படுத்தலாமா?

ஆய்வக வாத்தியார்

திண்ணைதான் காரணம். கரைசலில் இருக்கும்போது வெளிச்சம் பட்டால் ஸ்டில்பீனின் இரட்டைப் பிணைப்பில் டிரான்ஸ் வடிவம் சிஸ் வடிவமாக முறுக்கிக்கொள்ளும். டிரான்ஸ்தான் தட்டையானது, நாரில் படுப்பதும் ஒளிர்வதும் அதுதான். சிஸ் கோணலாக நிற்கும், இரண்டுக்கும் ஆகாது. கருப்புக் கேனில், நிழலில் வையுங்கள், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் நீர்த்துக்கொள்ளுங்கள். நாரில் ஒட்டிய பிறகு இந்தத் தொல்லை குறைவு. செல்லுலோஸ் அதை அசையவிடாமல் பிடித்திருப்பதால் முறுக்க இடமில்லை, முறுக்க முடியாததாலேயே தண்ணீரில் இருந்ததைவிட நாரில் நன்றாக ஒளிர்கிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் அதுவும் சிதையும், தாள் பழைய மஞ்சளுக்கே போகும்.

பலகார உறைக்கு வேண்டாம். மேலே தம்பி சொன்னதுதான் காரணம், நிரந்தரப் பிணைப்பு இல்லை. ஈரமான, சூடான, எண்ணெய்ப் பண்டம் பட்டால் என்ன கழன்று எங்கே போகும் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? வாழைநார்த் தாளின் இயல்பான நிறத்திலேயே உறை செய்யுங்கள். கட்டிங் பேப்பரையும் அதில் கலக்காதீர்கள், அதில் மருந்தும் உண்டு, அச்சு மையும் உண்டு.

பிரஸ் வடசேரி

வாத்தியார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூபாய் நோட்டுத் தாளில் இந்த மருந்து கிடையாது, பருத்திக் கூழ், விளக்கில் இருட்டாகத்தான் தெரியும். கள்ள நோட்டைச் சாதாரணத் தாளில் அடித்தால் பளீரென்று மின்னும், கேஷியர் விளக்கு அடிப்பது அதையும் பார்க்கத்தான். நாள்பட வைக்க வேண்டிய ஆவணம், ஓவியத் தாள் வாங்குகிறவர்களும் மருந்து இல்லாததைத் தேடித்தான் வாங்குகிறார்கள். மருந்து போடாத தாளையும் ஒரு தனி ரகமாக வைத்து விற்றால் என்ன? கேட்கிற ஆள் இருக்கிறார்கள்.

கூழ்த்தொட்டி

கூழில் போடுவதைவிடச் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது அக்கா, பத்திரிகைத் தாளுக்கு மட்டும். காய்ந்த தாளின் மேல் மரச்சீனி (மரவள்ளி) மாவுக் கஞ்சியில் கலந்து பூசிவிடுவது. மில்லில் சைஸ் பிரஸ் என்று இதையேதான் செய்கிறோம். உள்ளே இருக்கும் நாருக்கு மருந்து போனால் அங்கே ஊதாவே போய்ச் சேராது. மேலே இருந்தால் மருந்து முழுக்க வெளிச்சத்தில் நிற்கும். ஸ்டார்ச்சும் செல்லுலோஸ் மாதிரியே ஹைட்ராக்சில் நிறைந்தது என்பதால் மருந்தை நன்றாகவே ஏந்திக்கொள்ளும். கஞ்சி நன்றாக வெந்து கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகு, சூடு கொஞ்சம் தணிந்ததும் மருந்தைக் கலக்க வேண்டும். பச்சை மாவில் கலந்தால் திட்டுத்திட்டாக வரும். கஞ்சியில் படிகாரம், மயில்துத்தம் எதுவும் வேண்டாம். பூச்சி அரிக்கும் என்று பழைய பழக்கத்தில் சிலர் போடுவார்கள், மயில்துத்தத்தின் செம்பு வந்தால் நிறமும் கெடும், ஒளிர்வும் மங்கும்.

கடையில் கேட்கும்போது பேப்பருக்கான நான்கு சல்போனேட் வகை, டெட்ரா என்று கேளுங்கள். கூழுக்கும் ஆகும், கஞ்சிக்கும் ஆகும். ஒரு கிலோ காய்ந்த நாருக்கு ஐந்து கிராம் திரவத்தில் ஆரம்பித்து மேலே போங்கள். பச்சை எட்டிப் பார்க்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அப்புறம், விளக்கு வாங்குவதாக இருந்தால் 365 நானோமீட்டர் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், 395 என்று மலிவாக வருவது கண்ணுக்கே ஊதாவாகத் தெரியும், மின்னாத தாளும் மின்னுவது போல ஏமாற்றும். கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள்.

திருவட்டாறு வாழைநார்

மரச்சீனி வீட்டிலேயே கிடக்கிறது தம்பி, கஞ்சிப் பூச்சையும் பார்த்துவிடுகிறோம். தாளை நனைத்துப் பூசும்போது ஆலம் மேலே கசிந்து வந்து மருந்தைக் கெடுக்காதா?

கூழ்த்தொட்டி

ரோசினோடு கட்டிய ஆலம் அசையாது, கட்டாமல் மிச்சம் இருப்பதுதான் வரும். தாள் புளிப்பாக இருக்கிறதா என்று நனைத்த நீல லிட்மஸை வைத்துப் பாருங்கள், சிவந்தால் ஆலத்தைக் குறையுங்கள். ஏகேடிக்கு மாறினால் இந்தக் கேள்வியே வராது.